கோப்புக் காட்சி

இலையை மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடுதான் குழந்தைவேல் பெஞ்சில் உட்கார்ந்தான். உண்மையில் உட்காருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அக்கா, போன வாரம் எங்கள் சேனலில் ஒரு சமையல்கட்டைக் காட்டினார்களே, அது உங்களுடையதுதான், எடுத்தது நான்தான், எடுத்துக் கொடுத்ததும் நான்தான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, அவள் திட்டுகிறவரை நின்று வாங்கிக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. வருகிற வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் அதைத்தான் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் இவன் யாருடனோ போனில் சண்டை போடுகிறான் என்று நினைத்திருப்பார். ஆனால் சுலோச்சனாக்கா அவனைக் கண்டதும் "வாங்க தம்பி, சாப்புடறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அப்படிக் கேட்கிறவரிடம் இல்லைங்க, நான் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்ல எந்த வாய்க்கு வரும். ஆமாங்க்கா என்றான். இலை வந்தது. தண்ணீர் தெளித்தாள். அவன் அந்தத் தண்ணீரை இலையெல்லாம் தடவி, தடவியதையே மறுபடி தடவி, வழித்துவிட்டு, நரம்புக்குள் தங்கியிருந்த ஒரு சொட்டையும் விரலால் தள்ளினான். இலை இவ்வளவு சுத்தமாக இதற்கு முன் அவன் கையில் ஆனதில்லை.

கடை காலியாக இருந்தது. அதுதான் முதலில் அடித்தது. இது மத்தியானம் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற கடை. சாப்பிடுகிறவன் ரசத்துக்கு வந்துவிட்டானா, மோருக்கு வந்துவிட்டானா என்று அடுத்தவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். ஜவுளிக்கடைப் பெண்கள் ஒரு பெஞ்சு, லாரி புக்கிங் ஆபீஸ் ஆட்கள் ஒரு பெஞ்சு, தனியாகத் தங்கிப் படிக்கிற பெண்கள் சுவரோரம். இப்போது ஃபேன் மட்டும் சுற்றுகிறது. சொம்புகள் கவிழ்த்தபடி வரிசையாக இருக்கின்றன. உள்ளே சாதம் வெந்த வாசனை வருகிறது. அவ்வளவு வாசனைக்கு ஒரே ஒரு மூக்கு. ஒரு ஆள் சாப்பிடுகிற சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்குமா என்று பயமாக இருந்தது. இதெல்லாம் தன்னால் என்று நினைத்தான். பிறகு, எல்லாமே தன்னால் என்று நினைத்துக்கொள்வதும் ஒருவகைத் தலைக்கனம்தானே, செய்தி ஆசிரியர் தனபால் சார் இல்லையா, எடிட்டிங் ரூம் இல்லையா, அவசரம் இல்லையா என்று நினைத்தான். பிறகு, அந்தப் பட்டியலை யார் கேட்டது என்று தன்னையே அதட்டிக்கொண்டான். முட்டைக்கோஸ் பொரியல் இலையின் ஓரத்தில் வந்து விழுந்தது.

இருக்குங்க சார். அந்த இரண்டு சொல்தான். நாக்கில் முள் மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. அன்று சாயங்காலம் ஊரின் அந்தக் கோடியில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விடுதிக்காரர்கள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேமராவை விடவில்லை. செய்தி கையில் இருக்கிறது, காட்ட ஒன்றுமில்லை. ஏழு மணிச் செய்தி நெருங்குகிறது. மாவட்டத்தைத் தாண்டினால் யாருக்கும் பெயர் தெரியாத கேபிள் சேனல்தான், ஆனால் ஏழு மணி எல்லோருக்கும் ஏழு மணிதான். தனபால் சார், "விசுவல் இல்லாம, வாசிக்கற மிருதுளா மூஞ்சியவே எத்தன நேரம் காட்டறது? கிச்சன் ஷாட்டு எதாச்சும் பழசு இருக்குதாப்பா?" என்று பொதுவாக அறையைப் பார்த்துத்தான் கேட்டார். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். இவன்தான் சொன்னான், இருக்குங்க சார் என்று. சொல்லும்போது சந்தோஷமாகவே இருந்தது. அதுதான் இப்போது நினைக்க நினைக்கக் கூசுகிறது. மகளிர் தினத்துக்காக இந்தக் கடையில் எடுத்து வைத்த படம் அது. தனியாகக் கடை நடத்தும் பெண்கள் என்று ஒரு நிகழ்ச்சி. நல்ல வெளிச்சம், அண்டாவிலிருந்து எழும்பும் ஆவி, கரண்டி பிடித்த கை, பின்னால் நீலப் பெயின்ட் அடித்த சுவர். கடைசி நேரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் விளம்பரம் அந்த இடத்தை வாங்கிக்கொண்டது, நிகழ்ச்சி வரவில்லை. இவ்வளவு நல்ல படம் வீணாகக் கிடக்கிறதே என்று அவனுக்கு உள்ளூர ஒரு குறை. அந்தக் குறைதான் அன்று வாயைத் திறந்தது. முகம் வராமல் ஆவியையும் கையையும் மட்டும் எடுத்துக்கோங்க என்று எடிட்டிங் ரூமில் அவனே எச்சரிக்கையும் செய்தான். முகம் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று அவ்வளவு வருஷம் கேமரா பிடித்தவன் நம்பினான். இது பழைய படம் என்பதற்கு அடையாளமாக 'கோப்புக் காட்சி' என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டும்தான் இருந்தார்கள். அதன்மேல் அவசரச் செய்திப் பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆள் இல்லாத கையை ஊரே அடையாளம் கண்டுபிடித்துவிட்டது. நீலச் சுவரைப் பார்த்து, அட நம்ம சுலோச்சனாக்கா மெஸ்ஸு என்று ஒரு வீட்டில் ஒருவர் சொன்னால் போதாதா.

சாதம் விழுந்தது. நடுவில் குழி பண்ணிப் பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டாள். "பெசஞ்சு சாப்புடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். மற்ற நாளில் அவளுக்கு நிற்க நேரம் ஏது. அவன் பிசைந்தான், உருட்டினான், கையை வாய்க்குக் கொண்டுபோனான். கை நின்றது. ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் நின்றது. வாந்தி என்ற வார்த்தையும் அந்த ஆவியும் மிருதுளாவின் குரலும் ஒன்றாகக் கலந்து மூக்குக்கு நேரே வந்தன. இந்தச் சாதத்துக்கும் அந்த விடுதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று உலகத்தில் யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவனுக்குத் தெரியும். ஒட்டவைத்தவனே அவன்தான். ஆனாலும் நின்றது. அவசரமாக வாயில் போட்டு மென்றான். பருப்பு நன்றாக இருந்தது. பெருங்காயம் சரியாக, உப்பு சரியாக, அவன் அம்மா வைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. திட்டு வாங்க வந்த இடத்தில் இது வேறு. அவள் பார்த்திருப்பாளா? பார்த்திருக்க மாட்டாள், சொம்பை எடுக்கக் குனிந்தாள். தன் கை நின்றது அவள் குனிந்தபோதா, இல்லை நிமிர்ந்த பிறகா? அடுத்த வாய், அதற்கடுத்த வாய் எல்லாம் வேகவேகமாகப் போயின, முதல் வாயை மறைக்க வேண்டும் என்பது போல.

வீட்டிலும் இதே கூத்துதான். செய்தி வந்த மறுநாள் காலையில் மனைவி கோமதி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அந்த நீலச் செவுத்து மெஸ்ஸுப் பக்கம் போயி எதும் தின்னு தொலைக்காதீங்க. எங்கண்ணன் வீடியோ அனுப்பிச்சிருக்குது பாருங்க" என்றாள். போனைத் திறந்தால், மச்சான் அனுப்பியதில், ஜாக்கிரதை என்ற எழுத்துக்குக் கீழே அவன் எடுத்த ஆவி, அவன் எடுத்த கை. சேனல் பெயரைக்கூட யாரோ வெட்டியிருந்தார்கள். அண்டாவின் விளிம்பில் விழுந்த வெளிச்சத்துக்காக ஜன்னல் கதவை ஒரு அடி நகர்த்தச் சொல்லிக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. அப்போதே கோமதியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்த் தனபால் சாரிடம்தான் சொன்னான். அவர் கெட்டவர் இல்லை. சம்பளம் தள்ளிப்போனால் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மனுஷன். அவர் நிதானமாகக் கேட்டார்: "நாம படிச்சதுல ஒரு வார்த்தை தப்பாப்பா? பேரு சொன்னமா? எடம் சொன்னமா? கோப்புக் காட்சின்னு போடாம உட்டமா? அப்பறம் எதுக்கு மன்னிப்பு? கேட்டா அதுவே கேஸாயிரும். வேணும்னா திரையில கீழ திருத்தம்னு ஒரு வரி ஓட்டலாம்." குழந்தைவேல் அந்த இடத்தில் திணறிப்போனான். ஏனென்றால் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் பார்த்தால் பொய். இந்தப் பொய்க்கு எந்த வார்த்தையைத் திருத்துவது என்று தெரியாமல் அன்று முழுக்கக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். மிருதுளாதான் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டே, "நான் வாசிச்சதுங்கண்ணா அது. எங்கம்மா என்னையவே கேக்குறாங்க, அந்த மெஸ்ஸப் பத்தி அப்பிடிச் சொல்லிட்டியேன்னு. நீங்க அவங்களப் போயிப் பாருங்க. கொண்டாந்தீங்கன்னா நான் வாசிக்கறேன், சார்கிட்ட நான் பேசறேன்" என்றாள். என்ன கொண்டுவர வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேமராவும் முக்காலியும் மட்டும் வண்டியில் இருக்கின்றன, பழக்கத்தால்.

சாம்பார் ஊற்றினாள். அவன் அவள் கையைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போகும். வெறுங்கை. வளையல் இல்லை. படத்தில் இருந்த பச்சைக் கண்ணாடி வளையல்கள், கரண்டியைத் திருப்பும்போது கிணுகிணுத்து, மைக்கில்கூட அந்தச் சத்தம் விழுந்து, அதை அவன் ஹெட்போனில் கேட்டு ரசித்து, அடடா என்று மறுபடி ஒருதரம் திருப்பச் சொன்னானே, அந்த வளையல்கள் இல்லை. கழற்றிவிட்டாள். ஊர் கண்டுபிடித்துவிட்டது என்று கழற்றிவிட்டாள். ஒரு பொம்பளையைத் தன் கையையே ஒளித்துக்கொள்ளும்படி செய்துவிட்டோமே என்று நினைத்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான். காரமாக்கும் என்று அவளே நினைத்துக்கொள்ளட்டும். இப்போது சொல்லிவிடலாம். அக்கா, என்று ஆரம்பித்தான். "ஏனுங்க, ரசமுங்களா?" என்றாள். ஆமாங்க்கா என்றான். அவனுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. இப்படியே போனால் மோரும் வந்துவிடும், இலையை மூடி எறிந்துவிட்டு, கை கழுவி, போயிட்டு வரேனுங்க்கா என்று வண்டியேறி, நாளைக்கு வந்து சொல்லிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். தன்னை அவனுக்குத் தெரியும்.

கொள்ளு ரசம் சூடாக இறங்கியது. சாதத்துக்குள் அணை கட்டத் தெரியாமல் ரசத்தை இலையின் ஓரம்வரை ஓடவிட்டு, விரலால் துரத்திக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவள் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிட வந்தவர் முன்னால் அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. "டிவில வந்தது உங்க படந்தானுங்களே" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீங்க வந்ததுல இருந்து, இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு பாத்துட்டே இருக்கேன். பருப்பு முடிஞ்சுது, சாம்பார் முடிஞ்சுது." அவனுக்கு ரசம் புரையேறியது. அவள் சொம்பை நகர்த்தி வைத்தாள். "எப்பிடீங்க்கா தெரியும்" என்றான், இருமலுக்கு நடுவில், வெட்கங்கெட்ட கேள்வியாக. "வளையலுங்க. நான் அடுப்புல நிக்கறப்ப வளையல் போடவே மாட்டனுங்க, சூட்டுல ஒடைஞ்சு சோத்துல விழுந்துரும்னு பயம். நீங்க வாறீங்கன்னுதான் அன்னிக்கு ஒரு நாள் போட்டேன். டிவில வருமேன்னு." அவன் எச்சில் கையோடு அப்படியே இருந்தான். கழற்றவில்லை. அணிந்ததே அவனுக்காகத்தான். இது அவன் நினைத்துவைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. "நாந்தானுங்க்கா எடுத்துக் குடுத்தேன். அவங்க கேட்டாங்க, நான் இருக்குன்னு சொன்னேன். எம்மேல தப்பு" என்றான். இத்தனை சிக்னலில் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் உதவிக்கு வரவில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டது. நெஞ்சுக்குள் எதுவோ உட்கார இடம் கண்டுபிடித்தது மாதிரி இருந்தது.

"எனக்குக் கோவமில்லைன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் சுலோச்சனாக்கா. "இருக்குது. எலைல ஒக்காந்தவங்களத் திட்டறதில்லைன்னு வெச்சிருக்கேன், அவ்வளவுதான். ஓட்டலச் சோதிக்கற ஆபீசருங்க வந்து பாத்தாங்க, எல்லாஞ் சரியா இருக்குதும்மான்னு எழுதியுங் குடுத்தாங்க. அதக் கொண்டுபோயி நான் யாருகிட்டக் காட்டறது? கடைக்கு வாறவங்ககிட்டக் காட்டலாம். வாறதில்லையே." இலையோரம் ஓடிய ரசத்தைப் பார்த்தாள். "மொத வாயி வெக்கறப்ப நின்னீங்களே, அதையும் பாத்தேன். எடுத்தவரே யோசிக்கறப்ப, பாத்தவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்." குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டான். மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதில் ஒரு விடுதலை இருந்தது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "கீழ ஒரு வரி ஓட்டறோம்னு சார் சொல்றாருங்க்கா" என்று முனகினான். "ஓடற எழுத்த யாருங்க படிக்கறா. என்ற கையக் காட்டித்தானே கடை இப்பிடி ஆச்சு. இப்ப உங்க மூஞ்சியக் காட்டுங்க."

கேமராக்காரன் முகம் எந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஆரம்பித்து இன்றுவரை எல்லாக் கூட்டத்திலும் அவன் இருந்திருக்கிறான், எந்தப் படத்திலும் அவன் இல்லை. அதில் அவனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. வேலை போகும். போகலாம். கோமதி என்ன சொல்வாள். நீங்களா அது என்பாள், இரண்டு நாள் பேச மாட்டாள், பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு அந்த வீடியோவை அழிக்கச் சொல்வாள், அவளை அவனுக்குத் தெரியும். அவள் மோர் ஊற்றினாள். அப்போது போன் அடித்தது. தனபால் சார். எச்சில் கையோடு இடது கையால் எடுத்தான். "அந்த மிருதுளாப் புள்ள இங்க வந்து ஒக்காந்துட்டு, திருத்தம் வாசிக்காம வேற செய்தி வாசிக்க மாட்டேங்குது. நீ எங்கப்பா இருக்கற?" என்றார். "மெஸ்ஸுலதானுங்க சார். சாப்புட்டுட்டு இருக்கேன்." "சாப்பாடு எப்பிடி?" என்றார் திடீரென்று, வேறு ஆள் மாதிரி. "நல்லா இருக்குதுங்க சார். நானே பேசி எடுத்துட்டு வாறேன். என்ற பேரச் சொல்லி, என்ற மூஞ்சியோட. ஏழு மணிக்கே வரோணும், அன்னிக்கு வந்த அதே எடத்துல." அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "கொண்டா, பாக்கறேன்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் முடியாது என்பதை முடியாது என்றே சொல்லி வந்தவர். பாக்கறேன் என்றால் அது பாதிக்கு மேல் சரிதான். குழந்தைவேல் மோர்ச்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மூடினான்.

சமையல்கட்டில் வெளிச்சம் அன்றைப் போலவே இருந்தது. ஜன்னல் கதவை அவன் நகர்த்தச் சொல்லவில்லை. வண்டியிலிருந்து எடுத்து வந்த முக்காலியை நிறுத்தி, கேமராவை வைத்து, அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியை ஆளாக நினைத்து ஃபோகஸ் பண்ணிவிட்டு, அந்த இடத்தில் தான் போய் நின்றால் இங்கே யார் நிற்பது என்று அப்போதுதான் யோசித்தான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள், காட்டினான். திரைக்குள் குனிந்து பார்த்தாள். "இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. செவுரு தெரியோணும். செவுரு தெரிஞ்சாத்தான் நம்ம கடைன்னு தெரியும்" என்றாள். நகர்ந்தான். "தலையத் தூக்குங்க." தூக்கினான். இத்தனை வருஷமாக மற்றவர்களிடம் சொன்ன வார்த்தைகள் எல்லாம் திரும்பி வருகின்றன. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இதே மாதிரிதான் அவளுக்கும் அன்று இருந்திருக்குமோ. வளையல் இல்லாத அந்தக் கை பொத்தானுக்குப் போயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தது. அதை முன்பக்கத்திலிருந்து அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "என் பேரு குழந்தைவேல்" என்றான். "போன வாரம் நீங்க பாத்த சமையல்கட்டு இதுதான். படம் எடுத்தது நான். அந்தப் பிள்ளைங்க சாப்பிட்டது இங்க இல்லை. இங்க எந்தத் தப்பும் நடக்கலை, தப்பு எங்களோடது." இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தனபால் சாருக்கு இதுவே அதிகம். ஆனால் வாய் மூடவில்லை. "இன்னைக்கு மத்தியானம் இங்க சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாய் வைக்கிறப்ப எனக்கே கை நின்னுது. பொய்யின்னு தெரிஞ்ச எனக்கே நின்னுது. அதனால உங்க மேல தப்பில்லை. ரெண்டாவது வாய்க்கு நிக்கலை. வந்து பாருங்க." சொல்லி முடித்துவிட்டு நின்றான். நிறுத்துங்க என்று கையசைக்க வேண்டியது அவன்தான், மறந்துவிட்டான். சுலோச்சனாக்கா கேமராவுக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு அவளே பொத்தானை அழுத்திவிட்டு, நாளைக்கு எவ்வளவு அரிசி களையலாம் என்று அவனிடம் கேட்டாள்.